உள்ளே இருப்பவர் எழுதினால் அது ஆராய்ச்சியாகுமா?

முன்பு என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வருடம் ஒரு சாயங்காலம் மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் யோசனையில் இருந்தாள். அவள் குடும்பம் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்க மாட்டார்கள். மற்ற சபைக்காரர்களின் பண்டிகையிலும் கலந்துகொள்ள மாட்டார்கள். அதனால் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கி வளர்ந்த பிள்ளை.

"சார், எங்க சபையைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணலாம்னு இருக்கேன். 'நீ உள்ள இருக்கிற ஆளு, உன்னால நடுநிலையா எழுத முடியாது'ன்னு சொல்றாங்க. வீட்டுல கேட்டா, 'நம்ம விஷயத்தை வெளிய கொண்டுபோய் எழுதாத'ங்கிறாங்க. நான் என்ன சார் செய்யட்டும்?"

அவள் கேட்டது மத ஆய்வுத் துறையில் நெடுங்காலமாக நடக்கும் ஒரு வாதம். ஒரு மதத்தைப் பற்றி அதில் இருப்பவர் எழுதலாமா, வெளியே இருப்பவர்தான் எழுத வேண்டுமா? பெரிய மதங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி யாரையும் அதிகம் உறுத்துவதில்லை. சைவர் ஒருவர் தேவாரத்தைப் பற்றி ஆய்வு செய்தால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஊரார் சந்தேகத்தோடு பார்க்கும் சிறிய மதம் என்றால் மட்டும், உள்ளே இருப்பவர் வாயைத் திறந்ததுமே "இது பிரசாரம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. இரண்டையும் அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

முதலில் 'க' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். 'கல்', 'தங்கம்', 'பகல்' என்ற மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் வல்லோசை. இரண்டாவதில் அது அதிர்வோடு வருகிறது. மூன்றாவதில் கரைந்து ஏறக்குறைய 'ஹ' ஆகிவிடுகிறது. ஒலியை மட்டும் கேட்கிற ஒருவருக்கு இவை மூன்று ஒலிகள். நமக்கோ எல்லாம் ஒரே 'க'தான். மூன்று ஒலிகளை ஒரே எழுத்தால் எழுதுகிறோம் என்பதே, தமிழ் கற்க வந்த வெளியூர்க்காரர் யாராவது கேட்கும்வரை நம்மில் பலருக்குத் தோன்றியிருக்காது.

கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1954இல் இந்த வேறுபாட்டை மொழியிலிருந்து மனித வாழ்க்கை முழுவதற்கும் நீட்டினார். உள்ளே இருப்பவர் எதை எதோடு சேர்க்கிறார், எதை வேறு என்கிறார் என்று பார்ப்பது ஒன்று. அதை எமிக் என்றார். வெளியே நின்று அளந்து, மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொன்று. அது எட்டிக். தமிழில் மானிடவியல் எழுதுபவர்கள் இவற்றை அகவயம், புறவயம் என்கிறார்கள். அகமும் புறமும் நமக்குப் பழகிய சொற்கள்தானே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மூன்று ஒலிகளும் ஒரே எழுத்து என்று வெளியே இருப்பவருக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அவை மூன்று ஒலிகள் என்று நமக்குத் தானாகத் தெரியாது, அவர்தான் காட்ட வேண்டும். இருவருக்கும் ஒவ்வொரு காது செவிடு.

தமிழில் இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. 1880இல் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் திருவாவடுதுறை மடத்திலும் படித்தவர், அதனால் அந்தாதியும் புராணமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்போது அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அவர் படித்ததில்லை. ஏடு கிடைத்துப் படிக்க உட்கார்ந்தபோது தமிழ் புரிந்தது, விஷயம் புரியவில்லை. அது சமண காவியம். அவர்களுடைய உலகக் கணக்கு, வினைக் கொள்கை, வழிபாட்டுச் சொற்கள் எல்லாம் அவருக்குப் புதிது.

கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து அவர்கள் வீட்டுக்கே போனார். போய்ப் பார்த்தால், தமிழ்ப் புலவர்கள் மறந்துவிட்ட அந்தக் காவியத்தை அவர்கள் வீட்டில் பாராயணமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு விளங்காத இடங்களை அவர்கள் தினப்படி பேச்சுபோல விளக்கினார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அந்தப் பதிப்பில் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தது வெளியே இருந்த சைவர், பொருள் சொன்னது உள்ளே இருந்த சமணர்கள். இருவரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் அந்தப் பதிப்பு அரைகுறையாகத்தான் வந்திருக்கும். சமணத்தைப் பற்றிச் சைவ உலகில் அன்று எப்படிப்பட்ட பேச்சு இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் அந்த வீட்டுப் படியேறியது சின்ன விஷயமில்லை. அவர்கள் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருஞானசம்பந்தர் பாண்டியனின் வெப்புநோய் தீர்த்தது, அனல் வாதம், புனல் வாதம், வைகையில் ஏடு எதிரேறித் திருவேடகத்தில் ஒதுங்கியது, தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறியது எல்லாம் சிறு வயதிலேயே காதில் விழுந்துவிடும். கதை நடப்பது 7ஆம் நூற்றாண்டில். கழுவேற்றத்தைச் சொல்லும் நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் அதற்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியவர்கள். இருவரும் சைவர்கள். சமணர் தரப்பில் இதைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் சில ஆய்வாளர்கள் நடந்தது என்கிறார்கள், சிலர் பிற்காலத்தில் கட்டிய கதை என்கிறார்கள். வழக்கில் ஒரு தரப்புச் சாட்சி மட்டுமே இருந்தால் எப்படி முடியும்?

என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கீழக்குயில்குடி. அங்கே அய்யனார் கோயிலுக்கும் தாமரைக் குளத்துக்கும் மேலே சமணர் மலை. 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன, அதாவது கழுவேற்றம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்பும் சமணத் துறவிகள் அங்கே இருந்திருக்கிறார்கள். மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், சமணர் வணங்கும் அருளாளர்கள். அதில் ஒன்றின் கீழ், அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறது. மதுரைச் சமணர்களைப் பற்றி நூறு பாட்டு மற்றவர்கள் பாடியிருக்க, அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னதாக மிஞ்சியது இப்படிப்பட்ட ஒற்றை வரிகள்தான். அந்த வரிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மகன் துறவியாகிவிட்டான், தாய் சிலை செய்து வைத்தாள் என்று அந்த ஒரு வரி சொல்லும் செய்தியை, எதிர்த்தரப்புப் புராணம் எதிலும் நாம் பார்த்திருக்க முடியாது.

மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர். உள்ளே உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர் மக்கள் 'செட்டியார்' என்று நினைத்து வைத்த பெயர். உள்ளே இருந்தவர்கள் போய்விட்டால் வெளியே இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரைத்தான் வைப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை.

சரி, உள்ளே இருப்பவர் சொல்வதெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதா? இல்லை. சக்கரவர்த்தி நயினார் தமிழ்ச் சமணர், தத்துவப் பேராசிரியர். திருக்குறளில் 'மலர்மிசை ஏகினான்', 'எண்குணத்தான்' போன்ற தொடர்கள் சமணர் வணங்கும் அருகனைக் குறிக்கும் என்று அவர் காட்டிய இடங்கள் கனமானவை. அந்தச் சொற்கள் அவருக்கு வீட்டுச் சொற்கள், அதனால் மற்றவர்கள் தாண்டிப்போன இடத்தில் அவர் நின்றார். ஆனால் குறளை எழுதியவரே குந்தகுந்தாச்சாரியார் என்ற சமண முனிவர்தான் என்று அவர் சொன்னதை, பரவலாக யாரும் ஏற்கவில்லை. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன. நுட்பமாகப் பார்க்க வைத்த அதே பற்றுதான், ஒரு அடி அதிகமாகப் போகவும் வைத்தது. இதைச் சொல்ல அவர் சமணர் என்ற ஒரே காரணம் போதாது. அவர் காட்டிய சான்றை எடுத்துவைத்து, இது தாங்குகிறது, இது தாங்கவில்லை என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்குள் ஆய்வாளர்களிடமே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. வில்ஃபிரட் கேன்ட்வெல் ஸ்மித் என்ற கனடா நாட்டுப் பேராசிரியர் 1959இல் ஒரு விதி சொன்னார்: ஒரு மதத்தைப் பற்றி நீ சொல்வதை, அந்த மதத்துக்காரர் "ஆமாம், இது எங்கள் நம்பிக்கைதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. 1996இல் ப்ரூஸ் லிங்கன் என்ற அமெரிக்க மத ஆய்வாளர் நேர் எதிராகச் சொன்னார். ஆராயப்படுபவர்களே தங்களை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்க விட்டுவிட்டால், நீ ஆய்வாளன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். எனக்கு இப்படித் தோன்றுகிறது: அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று எழுதும்போது ஸ்மித்தின் விதி வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று எழுதும்போது லிங்கன் சொன்னது வேண்டும்.

முதலாவதற்கு நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். 1985இல் பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி பார்த்தது, அந்த நம்பிக்கை நம் புத்திக்கு ஏற்றதா என்பதையல்ல. அவர்கள் அதை உண்மையாகவே மனச்சாட்சியோடு நம்புகிறார்களா என்பதை. நம்பிக்கையை அவர்கள் வாயால் கேட்பது என்றால் இதுதான். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கும் "அவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்பதற்கும் நடுவே ஒரு கோடு.

இரண்டாவதுதான் கடினம். தன் கூட்டம் செய்த தவற்றை உள்ளே இருப்பவர் எழுதுவாரா? எழுதியவர் உண்டு. 1857 செப்டம்பரில் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், மேற்கே குடியேறப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பேரை மார்மன் சபையின் உள்ளூர்ப் படையினர் கொன்றார்கள். பழி நெடுங்காலம் அங்கிருந்த பூர்வகுடிகள் மேல் விழுந்துகிடந்தது. ஹுவானிட்டா புரூக்ஸ் யூட்டாவை ஒட்டிய நெவாடாவில் பிறந்த மார்மன் பெண், பள்ளி ஆசிரியை. அவள் இளம் வயதில் ஒரு கிழவர் வந்து, தான் கண்ட சில விஷயங்களைச் சாவதற்கு முன் எழுதிவைக்க வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்று கேட்டார். அவள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது கிழவர் மரணப் படுக்கையில் பிதற்றிக்கொண்டிருந்தார். இரத்தம், இரத்தம் என்று கத்தினார். அவர் அந்தக் கொலைக் களத்தில் இருந்தவர்.

அந்த உறுத்தல் அவளை விடவில்லை. பல ஆண்டுகள் தேடி, 1950இல் அந்தப் படுகொலையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டாள். சபை மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. அவளோ கடைசிவரை சபையை விட்டுப் போகவுமில்லை, எழுதியதை மாற்றவுமில்லை. இதைச் சொன்னபோது என் மாணவி வெகுநேரம் பேசவில்லை. நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: "அந்தக் கிழவர் ஒரு வெளியூர்ப் பேராசிரியரைக் கூப்பிட்டிருப்பாராம்மா? தன் பிள்ளை மாதிரி ஒருத்தியிடம்தான் சொல்லத் தோன்றியது. உன்கிட்டயும் அப்படி யாராவது சொல்ல வருவாங்க. அப்புறம் பார்க்கலாம்னு இருந்துடாத."

ஹரே கிருஷ்ணா இயக்கம் இன்னொரு நல்ல பாடம். பிரபுபாதா 1966இல் நியூயார்க்கில் தொடங்கியது. மதுரையில் அவர்களை இன்னொரு கிருஷ்ண பக்தர் கூட்டமாகத்தான் பார்க்கிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுபதுகளில் அதை ஆபத்தான கூட்டம் என்று பேசினார்கள். எது சர்ச்சைக்குரிய மதம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது, இதை மறக்கவே கூடாது. அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவரான தமால் கிருஷ்ண கோஸ்வாமி, ஐம்பது வயதைத் தாண்டிய பின் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து தன் குருவின் இறையியலையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். 2002இல் வங்காளத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். ஏறக்குறைய முடிந்திருந்த அந்த ஆய்வு 2012இல் புத்தகமாக வந்தது. குருவைக் கேள்வி கேட்கக் கூடாத இடத்திலிருந்து, எல்லாவற்றையும் கேள்வி கேட்கிற இடத்துக்கு ஒரு சந்நியாசி போய் உட்கார்ந்தார் என்பதே எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே நடந்தது. இயக்கத்தின் குருகுலப் பள்ளிகளில் 1971 முதல் பிள்ளைகள் அடிபட்டும் சீரழிக்கப்பட்டும் துன்பப்பட்டார்கள். வளர்ந்த பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். பர்க் ராக்ஃபோர்ட் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்து எழுதினார். அவர் வெளியாள், ஆனால் பல ஆண்டுகளாக அவர்களோடு பழகியவர். அந்தக் கட்டுரை 1998இல் வெளிவந்தது இயக்கத்தின் சொந்த ஆய்விதழில். சாட்சி உள்ளிருந்து வந்தது, அளந்து எழுதியது வெளியாள், அச்சிட்டது மறுபடி உள்ளே இருந்தவர்கள்.

விட்டுப் போனவர்களையும் இங்கே சேர்க்க வேண்டும். அவர்களும் ஒரு காலத்தில் உள்ளே இருந்தவர்கள்தான். கோபத்தோடு வெளியேறியவர் சொல்வதை நம்பக் கூடாது என்று சில அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இருப்பவருக்கு மறைக்கக் காரணம் இருக்கலாம், போனவருக்கு மிகைப்படுத்தக் காரணம் இருக்கலாம். இருவரையும் ஒரே அளவில்தான் சோதிக்க வேண்டும். குருகுலத்துப் பிள்ளைகளை "மனக்கசப்பில் பேசுகிறார்கள்" என்று தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வெளியே இருந்தால் மட்டும் பார்வை தெளிவாக இருக்கும் என்பதும் இல்லை. 1995 மார்ச் 20ஆம் தேதி டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டம் விஷவாயு விட்டுப் பலரைக் கொன்றது. அதற்குப் பிறகு, சிறுபான்மை மதங்களுக்கு அநியாயம் நடக்கிறதோ என்ற கவலையில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஜப்பானுக்குப் போனார்கள். பயணச் செலவு அந்தக் கூட்டத்தினுடையது. அது குற்றமற்றது என்பதுபோல் பேசினார்கள். குற்றம் பிறகு உறுதியானது, துறையின் பெயரும் கெட்டது. அவர்கள் யாரும் உறுப்பினர் இல்லை. யாருடைய காசு, யாருக்கு நன்றி என்ற கேள்வி உள்ளே இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல.

இவ்வளவும் பேசிவிட்டு அவளுக்கு நான் சொன்ன வேலைகள் சில. முதல் அத்தியாயத்திலேயே நீ யார் என்று எழுது. எந்த வயதில் ஞானஸ்நானம், வீட்டில் யார் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள், இன்னும் கூட்டத்துக்குப் போகிறாயா, எல்லாம். படிக்கிறவர் அதை வைத்து உன்னை எடைபோடட்டும். உன் சபைக்குச் சங்கடமான ஒரு ஆவணமாவது கிடைத்தால் அதை முதலில் படி, கடைசியில் அல்ல. சபையை விட்டுப் போன மூன்று பேரையாவது தேடிப் பேசு. உன்னிடம் மகளாக நினைத்துச் சொன்னதை ஆய்வாளராக எழுதாதே, திரும்பப் போய் "இதை எழுதலாமா அத்தை?" என்று கேள். இந்தக் கடைசி வேலை வெளியே இருந்து வருபவருக்கு அவ்வளவாக இல்லை. அவர் நோட்டும் பேனாவுமாக வருவதால் எல்லோருக்கும் தெரியும். நீ சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாய்.

"உன்னால் நடுநிலையா எழுத முடியாது" என்றவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. பதிவு செய்துவிட்டாள். போன மாதம் முதல் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து சபை மூப்பரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறாள். அவர் இரண்டு வாரம் வைத்திருந்து, பதினோரு இடத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு இடத்தில் அவர் சொன்னது சரி, ஆண்டும் ஊர்ப்பெயரும் தப்பாக இருந்தன, திருத்திவிட்டாள். மற்ற ஒன்பதில் அவள் எழுதியதே நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே, அவர் அனுமதியோடு, அவர் மறுத்த வாசகத்தை அடிக்குறிப்பாகப் போட்டிருக்கிறாள்.